சனி முதல் வியாழன் வரை: எஸ்ஏடி ஸ்கோரை ரத்து செய்வது பற்றி டர்பனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மாணவி தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியைச் சேர்ந்தவள். 2023-இல் மாட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே பெண் எடுத்தவர். அம்மா வீட்டார் தலைமுறை தலைமுறையாக நேட்டாலில் இருப்பவர்கள். அதனால் வீட்டில் அப்பாவோடு தமிழ், அம்மாவோடு ஆங்கிலம், ஆயா என்று கூப்பிடும் பாட்டியோடு இரண்டும் கலந்த பேச்சு. நான் அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் ஓடிய கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வைச் சொதப்பிவிட்டோம் என்று தோன்றுகிறது, ஸ்கோர் வருவதற்கு முன்பே அதை ரத்து செய்துவிடலாமா?

பின்னணி

2023 மார்ச்சிலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே எஸ்ஏடி முழுக்கக் கணினித் தேர்வாகிவிட்டது. புளூபுக் என்ற செயலியில் எழுத வேண்டும். மொத்தம் 2 மணி 14 நிமிடம், 98 கேள்விகள். வாசிப்பும் எழுத்தும் ஒரு பகுதி, கணக்கு இன்னொரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை, ஆக மொத்தம் 1600. ஒவ்வொரு பகுதியும் இரண்டு மாட்யூல்களாக, அதாவது இரண்டு கட்டங்களாக வரும். முதல் மாட்யூலில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது மாட்யூல் கடினமாகவோ எளிதாகவோ அமையும். பழைய காகிதத் தேர்வை எழுதிய அண்ணன் அக்காக்களுக்கு இந்தக் கடைசி விஷயம் தெரியாது. இந்தக் கதையில் பாதிக் குழப்பம் இதனால் வந்தது.

மாணவி புளூபுக்கில் மூன்று மாதிரித் தேர்வுகள் எழுதியிருந்தாள். 1390, 1430, 1450 என்று ஏறிக்கொண்டே வந்தது. கணக்கில் 700, 720, 740. வாசிப்பில் 690, அப்புறம் இரண்டு முறை 710. குறி 1450-க்கு மேல். கல்லூரிப் பட்டியலில் அமெரிக்காவின் பெயர்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியான எம்ஐடி இருந்தது, வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் இருந்தது, இன்னும் நாலைந்து இருந்தன. உள்ளூரில் குவாஸூலு நேட்டால் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலுக்கு ஏற்கெனவே விண்ணப்பம் போட்டாயிற்று. அதற்கு எஸ்ஏடி தேவையே இல்லை.

தேர்வு நாள்

அவளுக்கு மையம் கிடைத்தது ஜோகன்னஸ்பர்க்கில். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் அப்பாவோடு என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். வான் ரீனன் கணவாயில் லாரிகள் வரிசைகட்டி நிற்க, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர இரவு வெகுநேரமாகிவிட்டது.

மறுநாள் 2023 அக்டோபர் 7, புரட்டாசி சனிக்கிழமை. தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளில் புரட்டாசி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது, சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல், அது முடியும்வரை பலர் சாப்பிட மாட்டார்கள். அத்தை வீட்டிலும் அப்படித்தான். “பரீட்சைக்குப் போற பிள்ளை, சாப்பிட்டுட்டுப் போ” என்றுதான் அத்தை சொன்னாராம். இவள்தான் ஒரு கோப்பை டீயோடு கிளம்பியிருக்கிறாள்.

லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலம் அது. மடிக்கணினியை முழுக்கச் சார்ஜ் செய்து எடுத்துப்போகச் சொல்லியிருந்தேன். அன்று கரண்ட் பிரச்சினை எதுவும் வரவில்லை, செயலியும் நின்றுபோகவில்லை. வாசிப்புப் பகுதி சுலபமாக ஓடியது என்றாள். கணக்கின் முதல் மாட்யூலும் பரவாயில்லை. இரண்டாவது மாட்யூலில்தான் ஆட்டம் கண்டுவிட்டது. நடுவிலிருந்தே கேள்விகள் பிடிபடவில்லை, நேரம் போய்விட்டது, கடைசி நாலைந்து கேள்விகளுக்கு ஊகத்தில் விடை போட்டிருக்கிறாள். வெளியே வந்து காரில் ஏறியதும் அழுகை. திரும்பும் வழியில் ஹாரிஸ்மித் ஊரைத் தாண்டும்போது, “கேன்சல் பண்ணிடலாம்பா” என்று சொல்லிவிட்டாளாம்.

யார் என்ன சொன்னார்கள்

ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா ரத்து செய்யும் கட்சி. “டீச்சர், கெட்ட மார்க் ரெக்கார்டுல ஏறிட்டா அப்புறம் எல்லா யூனிவர்சிட்டிக்கும் தெரிஞ்சிடும்ல?” என்றார். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆயா, கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். கிடைக்காது. 100 டாலருக்குச் சற்று மேல், அன்றைய விலையில் கிட்டத்தட்ட 2,000 ராண்டு. அந்த அறையில் கேட்கப்பட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகன் வேறொன்று சொல்லியிருந்தான்: அவசரமில்லை, ஸ்கோரைப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம். அவன் பொய் சொல்லவில்லை. அவன் எழுதியது எம்பிஏ-வுக்கான ஜிமேட். அவன் எழுதிய காலத்தில் அதில் ஸ்கோரைத் திரையில் காட்டிவிட்டுத்தான் வைத்துக்கொள்கிறாயா, ரத்தா என்று கேட்டார்கள். எஸ்ஏடி-யில் அந்த வசதி கிடையாது. நம் குடும்பங்களில் அமெரிக்காவில் யாராவது ஒருவர் இருந்தால் அவர் சொல்வது வேதவாக்கு. அவர் எந்தத் தேர்வை எந்த வருஷம் எழுதினார் என்று யாரும் கேட்பதில்லை.

விதி

ஆகவே முதலில் விதியைச் சரியாகப் படித்தோம். எஸ்ஏடி-யை ரத்து செய்வதானால் மையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே செய்யலாம், அல்லது தேர்வுக்கு அடுத்த வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 11:59-க்குள் கையெழுத்துப் போட்ட படிவம் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுக்குப் போய்ச் சேர வேண்டும். தொலைபேசியில் சொன்னால் செல்லாது. அக்டோபரில் அந்த நேரம் நமக்கு வெள்ளி காலை 5:59. நவம்பர், டிசம்பர் தேர்வுகளென்றால் 6:59. வியாழன் நள்ளிரவோடு கதவு சாத்தப்படும் என்று அப்பா நினைத்திருந்தார். ஆறு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

ரத்து செய்தால் ஸ்கோர் என்னவென்று கடைசிவரை தெரியாது. மனம் மாறினாலும் மீட்க முடியாது. கணக்கை மட்டும் ரத்து செய்து வாசிப்பை வைத்துக்கொள்ளவும் முடியாது, முழுத் தேர்வும் போய்விடும். ஏசிடி என்ற இன்னொரு தேர்வில், ஸ்கோர் வந்த பிறகும் எழுத்தில் கேட்டு அந்தத் தேதியை நீக்கச் சொல்லலாம். எஸ்ஏடி-யில் ஸ்கோர் வந்த பிறகு அழிக்க வழியில்லை.

ஆனால் அழிக்க முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதும் ஒன்றல்ல. எந்தத் தேதியில் எழுதிய ஸ்கோரைக் கல்லூரிக்கு அனுப்புவது என்று மாணவரே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஸ்கோர் சாய்ஸ் என்பார்கள். தேர்ந்தெடுக்காமல் விட்டால் எல்லாமே போகும், அதனால் கவனமாக டிக் செய்ய வேண்டும். பல கல்லூரிகள் சூப்பர்ஸ்கோரும் போடுகின்றன: வெவ்வேறு தேதிகளில் வந்த ஸ்கோர்களில் வாசிப்பில் எது அதிகமோ அது, கணக்கில் எது அதிகமோ அது, இரண்டையும் கூட்டிக்கொள்வார்கள். எம்ஐடி அப்படித்தான் பார்க்கிறது. 2023-இல் எம்ஐடி எஸ்ஏடி அல்லது ஏசிடி கட்டாயம் என்று வைத்திருந்தது. அவள் பட்டியலில் மீதியில் பெரும்பாலானவை அந்த ஆண்டு ஸ்கோர் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம் என்றன. கலிஃபோர்னியாவின் யுசி பல்கலைக்கழகங்கள் ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை.

அப்பாவின் பயம் உண்மையாகப் பொருந்திய இடம் ஒன்றே ஒன்று: ஜார்ஜ்டவுன். எழுதிய எல்லா ஸ்கோர்களையும் அனுப்பச் சொல்லும் கல்லூரி அது. “அங்கே நிஜமாகவே போக ஆசையா?” என்று கேட்டேன். பெரியம்மா வீடு பக்கத்தில் இருப்பதால் பட்டியலில் போட்டதாகச் சொன்னாள். அவள் படிக்க விரும்பியது மின் பொறியியல். ஜார்ஜ்டவுன் அதற்குப் போகிற இடமே இல்லை. பட்டியலிலிருந்து அடித்தாள்.

இன்னொரு விஷயத்தை யாருமே கவனிக்கவில்லை. பதிவு செய்யும்போது நாலு கல்லூரிகளுக்கு இலவசமாக ஸ்கோர் அனுப்பும் கட்டம் வரும். இலவசம் என்றதும் இவள் இரண்டு பெயர்களை நிரப்பியிருந்தாள். அப்படிக் கொடுத்தால் ஸ்கோரைப் பார்த்து முடிவெடுக்க வாய்ப்பில்லாமலே அது அந்தக் கல்லூரிகளுக்குப் போய்விடும், ஸ்கோர் சாய்ஸுக்கு இடமே இருக்காது. அந்தப் பட்டியலைத் தேர்வுக்குப் பிறகு ஒன்பது நாள்வரை மாற்றலாம். அன்றிரவே இரண்டையும் நீக்கினாள். என்னைக் கேட்டால், அந்த வாரம் செய்தே ஆகவேண்டிய வேலை இது ஒன்றுதான்.

கையில் இருந்த சாட்சியம்

கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது என்பது தேர்வு விதி. அதனால் என்ன கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. எப்படி எழுதினாய், நேரம் எங்கே போனது, எத்தனை காலியாக விட்டாய் என்றுதான் கேட்டேன். எதையும் காலியாக விடவில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே ஊகித்துப் போட்டதில் நஷ்டமில்லை.

அப்புறம் மாதிரித் தேர்வுகளைத் திறந்து பார்த்தோம். இரண்டாவது தேர்விலும் இதே கதைதான். கணக்கின் இரண்டாவது மாட்யூலில் திணறியிருக்கிறாள், ஐந்து தப்பு, ஆனாலும் 720 வந்திருக்கிறது. முதல் மாட்யூலை நன்றாகச் செய்தவருக்குத்தான் கடினமான இரண்டாவது மாட்யூல் கிடைக்கும். அங்கே சில கேள்விகள் தவறினாலும் ஸ்கோர் மேல் வரம்பில்தான் நிற்கும். எளிதான மாட்யூலுக்குத் தள்ளப்பட்டவருக்கோ எல்லாம் சரியாக எழுதினாலும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு கேள்விகள் எதிர்காலத் தேர்வுகளுக்கான வெள்ளோட்டம். அவை ஸ்கோரில் சேராது, எவை என்பதும் நமக்குத் தெரியாது. அவளை அழவைத்த கேள்வியே அப்படி ஒன்றாக இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் சொன்னபோது அவள், “அப்போ கஷ்டமா இருந்தா நல்லதா டீச்சர்?” என்று கேட்டாள். நல்லது என்று நான் சொல்லவில்லை. கடினமாக இருந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கோர் மோசம் என்று தீர்மானிக்க முடியாது. இந்தத் தேர்வு ஆளுக்குத் தக்கபடி கடினமாகும் வகையில்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. நன்றாக எழுதுகிறவர்தான் திணறிக்கொண்டு வெளியே வருவார். பழைய காகிதத் தேர்வில் வெளியே வரும்போது இருக்கும் மனநிலைக்கு ஓரளவாவது மதிப்பு இருந்தது. இதில் அந்த மதிப்பு இன்னும் குறைவு.

எதிர்ப்பக்கத்து சாட்சியமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. நீண்ட பயணம், அரைகுறைத் தூக்கம், வெறும் வயிறு. மாதிரித் தேர்வுகளை வீட்டில் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுதியவள் அவள். ஆக, ஸ்கோர் 1450-க்குக் கீழே வர வாய்ப்பு கணிசமாக இருந்தது. ஆனால் கீழே என்றால் எவ்வளவு கீழே? 1390 வருவதற்கும் 1150 வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எஸ்ஏடி மொத்த ஸ்கோர் என்பதே ஏறத்தாழ 40 புள்ளி மேலும் கீழும் ஆடக்கூடிய எண்.

டிசம்பர்

என் கருத்தை உறுதியாக்கியது ஸ்கோர் பற்றிய ஊகம் எதுவுமில்லை, நாட்காட்டி. மாட்ரிக் இறுதித் தேர்வு அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம்வரை ஓடும். அடுத்த எஸ்ஏடி நவம்பர் 4, அதற்கடுத்தது டிசம்பர் 2. இரண்டுமே மாட்ரிக் நடுவில். ஜனவரி முதல் வாரத்தில் முடியும் விண்ணப்பங்களுக்கு டிசம்பர் ஸ்கோர் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் அது வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அக்டோபரை ரத்து செய்தால் டிசம்பர் கட்டாயமாகிவிடும். எம்ஐடி-க்கு ஏதோ ஒரு ஸ்கோர் வேண்டுமே. மாட்ரிக் தாள்களுக்கு இடையில் மறுபடி ஜோகன்னஸ்பர்க், மறுபடி 2,000 ராண்டு, மறுபடி லெனேசியா. அதுவும் கணக்கில் உண்மையில் என்ன ஆயிற்று, எதைப் படிக்க வேண்டும் என்று தெரியாமலே.

ரத்து செய்யாவிட்டால் இரண்டு வாரத்தில் ஸ்கோர் கைக்கு வரும். நன்றாக இருந்தால் டிசம்பர் தேவையில்லை. சுமாராக இருந்தால் எந்தப் பகுதி சுமார் என்றாவது தெரியும். மோசமாக இருந்தால் எங்கும் அனுப்பாமல் விடலாம். ஜார்ஜ்டவுனை அடித்த பிறகு, ரத்து செய்வதால் கிடைக்கக்கூடிய லாபம் என்று ஒன்றும் மிச்சமில்லை. அப்பாவிடம் இப்படித்தான் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “இருந்தாலும் ரெக்கார்டுல இருக்கும்ல” என்றார். காலேஜ் போர்டின் கணக்கில் இருக்கும், ஆமாம். நாம் அனுப்பாமல் அங்கிருந்து எதுவும் கல்லூரிக்குப் போகாது.

வியாழன் இரவு

படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள். அதை நான் தடுக்கவில்லை. முடிவு அவளுடையது, தேவைப்பட்டால் அனுப்பும் நிலையில் இருக்கட்டும் என்று விட்டேன். புதன்கிழமை வாக்கில் அழுகை நின்று அவளே கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள். வியாழன் இரவு ஒன்பது மணிபோல எனக்கு வாட்ஸ்அப்: “அனுப்பல டீச்சர். தூங்கப் போறேன்.”

ஸ்கோர் வந்தபோது மொத்தம் 1390. கணக்கு 730. வாசிப்பு 660.

சொதப்பியதாக அவள் அழுத கணக்கு, மாதிரித் தேர்வுகளின் அளவிலேயே இருந்தது. சுலபமாக ஓடியது என்று சொன்ன வாசிப்புதான் 50 புள்ளி சறுக்கியிருந்தது. தூக்கமும் பசியும் காலையில் முதலில் வரும் பகுதியைத்தான் தாக்கியிருக்கும் என்பது அம்மாவின் கட்சி. அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: ரத்து செய்திருந்தால் டிசம்பருக்குக் கணக்கையே உருப்போட்டுக்கொண்டிருப்பாள், வாசிப்பைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

டிசம்பர் எழுதவில்லை. மாட்ரிக் முக்கியம் என்று முடிவெடுத்தாள். 1390 வந்தது வருத்தம்தான், மழுப்ப வேண்டாம். எம்ஐடி-க்கு அந்த ஸ்கோரோடு விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. மற்றவற்றில் சிலவற்றுக்கு ஸ்கோர் இல்லாமலும் சிலவற்றுக்கு ஸ்கோரோடும் அனுப்பினாள். ஓரிடத்தில் இடம் கிடைத்தது, உதவித்தொகை போதவில்லை. இப்போது குவாஸூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் மின் பொறியியல் படிக்கிறாள். 1450 வந்திருந்தால் கதை மாறியிருக்குமா என்று அப்பா இன்னும் கேட்கிறார். உதவித்தொகை எதிர்பார்க்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்தக் கல்லூரிகளில் இருக்கும் போட்டியில் 60 புள்ளி எதையும் மாற்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யாரை ரத்து செய்யச் சொல்வேன்

சொல்லவே மாட்டேன் என்றில்லை. நடுத் தேர்வில் காய்ச்சலோ வாந்தியோ வந்து ஒரு மாட்யூலைப் பாதியில் விட்டவர், எல்லா ஸ்கோர்களையும் கேட்கும் கல்லூரிக்கு நிஜமாகவே விண்ணப்பிக்கப்போகிறவர், அதோடு மறுபடி எழுத வசதியான தேதி கையில் இருப்பவர்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ரத்து செய்யலாம். மூன்றில் ஒன்று மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். கணினி நின்றுபோனாலோ செயலி தகராறு செய்தாலோ ரத்து செய்ய ஓடக்கூடாது. மையப் பொறுப்பாளரிடம் சொல்லி, கிளம்பும் முன்பே அதைப் பதிவு செய்ய வைக்க வேண்டும்.

2024-இல் டார்ட்மத், யேல், பிரௌன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவை ஏதோ ஒரு தேர்வு ஸ்கோர் மறுபடி கட்டாயம் என்று அறிவித்துவிட்டன. ஸ்கோர் இல்லாமலே விண்ணப்பிக்கும் வழி முன்போல அகலமாக இல்லை. கையில் ஒரு ஸ்கோர் இருப்பதன் மதிப்பு அதனால் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அவள் தம்பியும் அடுத்து எஸ்ஏடி எழுதுகிறான். இலவசமாக அனுப்பும் கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிவு செய்திருக்கிறான். தேதியையும் புரட்டாசி பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள், அது ஆயாவின் நிபந்தனை.